கையெழுத்துப் போட்டவர்கள்

2003-ல் பூந்தமல்லி மாவட்ட முன்சீப் கோர்ட்டில் நான் நடத்திய ஒரு நிரந்தர உறுத்துக்கட்டளை வழக்கைப் பற்றி என் ஜூனியர்களிடம் அடிக்கடி சொல்வேன். குமணன்சாவடியை ஒட்டிய ஒரு நகரில், ஒரு வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்டு ஜெபக்கூடம் நடந்துகொண்டிருந்தது. பாஸ்டர் என் கட்சிக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டராக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். ஞாயிறு ஆராதனை, வெள்ளி உபவாச ஜெபம். டிரம்ஸ், கீபோர்டு, ஆளுயர ஸ்பீக்கர் பாக்ஸ் எல்லாம் உண்டு. தெருக்காரர்கள் சிலர் எல்லோருக்குமாகச் சேர்த்து, கட்டளை 1 விதி 8-ன் கீழ் வழக்குப் போட்டிருந்தார்கள். கூடத்தையே மூட வேண்டும் என்பது கோரிக்கை.

பிராதில் இரண்டு குறைகள். ஒன்று இரைச்சல். மற்றது, ஏழைகளுக்குப் பணம் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்பது. அன்றைய நிலையில் இரண்டாவது சாதாரணக் குற்றச்சாட்டு அல்ல. 2002 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் அப்போது அமலில் இருந்தது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ இருந்தால் நான்கு ஆண்டு. 2004-ல் அந்தச் சட்டம் கைவிடப்பட்டது. அதற்கு முன்னால், இப்படி ஒரு பாரா எழுதினாலே போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

இரைச்சல் விஷயத்தில் நாம் தோற்போம் என்று பாஸ்டரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். நம் பக்கத்து மாதவரத்திலேயே அதற்கு ஒரு வழக்கு நடந்து முடிந்திருந்தது. மாதவரம் நெடுஞ்சாலை கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறுபான்மையினரின் வழிபாட்டைத் தடுக்கும் உள்நோக்கம் என்று சபை வாதாடிப் பார்த்தது. 2000 ஆகஸ்ட் 30 அன்று நீதிபதிகள் எம்.பி. ஷா, எஸ்.என். புக்கன் அமர்வு அதை ஏற்கவில்லை. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியும் மேளமுமாக ஜெபிக்கச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்று தீர்ப்பானது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 தான் வரம்பு. எங்கள் வழக்கில் கோர்ட் அனுப்பிய வக்கீல் கமிஷனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து, பாக்ஸ்கள் தெருப் பக்க ஜன்னலைப் பார்த்து வைக்கப்பட்டிருப்பதாக அறிக்கை கொடுத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிராது ஒரே குரலில் பேசியது. கூண்டில் ஏறியவர்கள் அப்படிப் பேசவில்லை.

வாதி தரப்பு முதல் சாட்சி (வா.சா.1) ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர். "டிரம்ஸ்கூடப் பரவால்லம்மா" என்றார். அவர் மனைவி வெள்ளிக்கிழமை தவறாமல் மாங்காடு அம்மன் கோயிலுக்குப் போகிறவர். கைப்பிரதி கொடுக்க வந்த ஒரு பையன், அங்கே போவது நரகத்துக்கு வழி என்று அவரிடமே சொல்லியிருக்கிறான். "அவ அன்னிக்கு சாப்பிடல" என்று சொல்லிவிட்டுக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாஸ்டருக்கு அது அன்றுதான் தெரியும்.

அடுத்தவர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் லேத் தொழிலாளி. கூடத்தில் கொடுத்த புதிய ஏற்பாட்டை முழுக்கப் படித்தவர். "மலைப்பிரசங்கம் ரொம்பப் புடிச்சுது. நம்பிக்கை வரல, அவ்வளவுதான். எனக்குக் காலைல தூங்கணும்" என்றார். மூன்றாவது சாட்சி ஓர் இளைஞர். கூட்டமே கூடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பணம் வாங்கி மாறியவர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். யார் பெயரையும் சொல்ல முடியவில்லை.

பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவை எங்கள் தரப்புச் சாட்சியாக ஏற்றினேன். தெருக்காரர்களின் புகாரில் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். சத்தம் அவருக்கும் தொந்தரவுதான். ஆனால் வெள்ளி ஜெபத்துக்குப் போகிறவர். புருஷன் குடியை விட்டது அந்த ஜெபத்தால்தான் என்று நம்பினார். வீட்டில் முருகன் காலண்டரும் மாட்டியிருக்கிறது. உனக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். "காசா? நான்தான்யா காணிக்கை போடறேன்!"

தான் ஜெபித்த வீட்டுக்காரர்களே கையெழுத்துப் போட்டதில் பாஸ்டர் முதலில் உடைந்துதான் போயிருந்தார். அன்று கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார். அத்தேனே பட்டணத்தில் பவுல் பேசியதைக் கேட்டுச் சிலர் கேலி செய்தார்கள். சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். தாமரி என்ற பெண்ணும், தியொனீசியு என்ற நீதிபதியும், வேறு சிலரும் நம்பினார்கள். "பவுல் யாரையும் திட்டலம்மா, அவரு பாட்டுக்குக் கெளம்பிப் போயிட்டாரு" என்றார்.

அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவை எப்போது படித்தாலும் எனக்கு அந்த வராந்தாப் பேச்சு ஞாபகம் வரும். மனசாட்சிச் சுதந்திரத்தை முதலில் வைத்து, அதன் பிறகே மதத்தைப் பரப்பும் உரிமையைச் சொல்கிறது அந்தப் பிரிவு. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது. சட்ட அறிஞர் எச்.எம். சீர்வை அதைக் கடுமையாக விமர்சித்தார். எனக்கும் அதில் மனக்குறை உண்டு. சொல்பவரின் எல்லையை அளந்த தீர்ப்பு, கேட்கிறவர் பக்கம் போதுமான அளவு திரும்பவில்லை. சட்டத்தின் முன் கேலி செய்பவர், தள்ளிப்போடுபவர், ஏற்பவர் எல்லோரும் ஒன்றுதான். பூக்கார அம்மா ஜெபத்துக்குப் போவதும், மாங்காடு போகிற அம்மா கைப்பிரதி வேண்டாம் என்பதும் ஒரே உரிமை.

கடைசியில் சமரசம் ஆனது. பிரதிநிதித்துவ வழக்கு என்பதால் அதற்கும் கோர்ட் அனுமதி வாங்கினோம். ஸ்பீக்கர் பாக்ஸ் கிடையாது. ஆராதனை நேரத்தில் தெருப் பக்க ஜன்னல் சாத்தியிருக்கும். டிரம்ஸ் காலை பதினோரு மணிக்குமேல்தான். வேண்டாம் என்று சொன்ன வீட்டில் கைப்பிரதி கொடுப்பதில்லை. மதமாற்றப் பாராவை வாதிகள் மெமோ போட்டு விலக்கிக்கொண்டார்கள். பாஸ்டர், வா.சா.1-இன் வீட்டுக்கே போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

இளம் வக்கீல்களுக்கு ஒரு வேண்டுகோள். வாதிகளுக்காக இப்படி ஒரு பிராது வரைய வந்தால், ஒருவர் சொன்னதை வைத்து எல்லோருக்குமாக எழுதிவிடாதீர்கள்; கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரிடமும் அவர் குறை என்னவென்று தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். எதிர்த்தரப்பில் ஆஜரானால், அதே கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேளுங்கள்.