காத்து வாங்கின கமாரோ

"அப்ப ஃபுட் வால்வு காத்து வாங்கிருச்சுன்னு சொல்லு கண்ணு."

என் பழைய காரோட இஞ்சின் போன கதையை ஃபோன்ல அரை மணி நேரம் விளக்கினதுக்கு, வடகரப்பதியில இருந்து அப்பா சொன்ன பதில் இது. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. ஃபோனை வெச்சப்புறம்தான் உறைச்சுது. ரெண்டு மாசமா ராத்திரி பகலா படிச்சு நான் கண்டுபிடிச்சதை மனுஷன் ஒரே வரியில சொல்லிட்டாரு!

எங்க ஊரு தெரியாதவங்களுக்கு: பாலக்காட்டு ஜில்லா, சித்தூர் தாலூகா. பஸ் போர்டுல மலையாளம், வீட்டுல தமிழ். கேரளான்னதும் பச்சைப்பசேல்னு எதிர்பார்த்து வர்றவங்க எங்க பக்கம் வந்தா ஏமாந்துதான் போவாங்க. மழை மறைவுப் பகுதி. கெணத்துத் தண்ணிதான் எல்லாம். எங்க கெணத்துல பாதி ஆழத்துல திண்டு கட்டி 5 எச்.பி. மோட்டார் வெச்சிருந்தோம். ஏன் அவ்வளவு கீழன்னா, மேல இருந்து உறிஞ்சுற பம்ப்பு எவ்வளவு பெருசா இருந்தாலும் 10 மீட்டருக்கு மேல தண்ணியை இழுக்காது. நடைமுறையில 7 மீட்டரே பெரிய விஷயம்.

1985 கோடை. நான் எட்டாம் வகுப்பு முடிச்சிருந்தேன். தக்காளி போட்டிருந்தோம். ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டுட்டு, "சத்தம் மாறுச்சுன்னா ஆஃப் பண்ணிரு சாமி"ன்னு சொல்லிட்டு அப்பா மடை திருப்பப் போயிட்டாரு. நான் கயித்துக் கட்டில்ல படுத்துத் தூங்கிட்டேன். கெணத்துல தண்ணி எறங்கி, ஃபுட் வால்வு வெளிய தெரிஞ்சு, பம்ப்பு வெறும் காத்தை இழுத்து ஓடியிருக்கு. சீல் கருகி, ஷாஃப்ட் இறுகி, கடைசியில மோட்டாரும் புகைஞ்சு போச்சு. கோயமுத்தூர் கொண்டுபோய் காயில் கட்டி வர்றதுக்குள்ள தக்காளி பாதி காஞ்சுடுச்சு. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா அப்பவே மறந்திருப்பேன்.

சரி, இப்ப காருக்கு வருவோம்.

சின்ன வயசுல எங்களுக்கு ஹீரோ கோயமுத்தூர் கரிவரதன். பந்தயக் கார்களை இங்கயே வடிவமைச்சு ஓடவிட்ட மனுஷன், 1995-ல விமான விபத்துல போயிட்டாரு. அவர் பேர்லதான் 2003-ல செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே வந்துச்சு. அந்தக் கிறுக்கு மனசுல இருந்துகிட்டே இருந்ததா, பொழைக்க வந்த இடம் டெட்ராய்ட் பக்கமா அமைஞ்சதும் முத்திப்போச்சு. 1969 கமாரோ ஒண்ணு வாங்கினேன். 350 கன அங்குலம், அதாவது 5.7 லிட்டர், வி-8 இஞ்சின். தங்கமணி கேட்ட கேள்விகளை இங்க எழுத முடியாது :-)

அதுல ஆட்டோகிராஸ் ஓட்டறேன். பெரிய பார்க்கிங் இடத்துலயோ பழைய விமான ஓடுதளத்துலயோ கூம்புகளை வெச்சு வளைஞ்சு வளைஞ்சு பாதை போட்டிருப்பாங்க. ஒவ்வொருத்தரா ஓட்டணும். ஒரு ரவுண்டு ஒரு நிமிஷம் கூட இருக்காது. கூம்பைத் தட்டினா 2 செகண்ட் அபராதம். வேகம் பெருசா இல்ல, ஆபத்தும் கம்மி. ஆனா திருப்பம் முடியறதுக்குள்ள அடுத்த திருப்பம்.

பிரச்சினையே அங்கதான். இஞ்சினுக்கு அடியில ஆயில் சேம்பர்ல சுமார் 4 குவார்ட் ஆயில் இருக்கும் (குவார்ட்டர் இல்லீங்க, குவார்ட்! ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி). அதுக்குள்ள ஒரு ஸ்ட்ரெய்னர் மூழ்கியிருக்கும், அது வழியா பம்ப்பு உறிஞ்சும். நேர் ரோட்டுல வம்பில்ல. ஆனா நல்ல டயர் போட்டு, பக்கவாட்டு விசை ஒரு ஜி வர்ற அளவுக்குத் திருப்பினா, சேம்பர்ல ஆயிலோட மட்டம் 45 டிகிரி சாஞ்சுடும். அத்தனை ஆயிலும் ஒரு பக்கச் சுவத்துல ஏறிக்கும். இந்தக் கார்ல சேம்பரோட ஆழமான பகுதி பின்னாடி இருக்கறதால, பிரேக் அடிச்சா ஆயில் முன்னாடி ஓடிடும். போதாததுக்கு, வேகமா சுத்தற இஞ்சின்ல கொஞ்சம் ஆயில் மேல வால்வுகள் பக்கமும் கிராங்கைச் சுத்தியும் மாட்டிக்கிட்டு கீழ எறங்க நேரமாகும். அந்த ஒரு செகண்ட் ஸ்ட்ரெய்னர் காத்தை உறிஞ்சும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்கற ஆயில் படலம் தலைமுடி கனம்தான். அது அறுந்தா உலோகமும் உலோகமும் ஒரசும். 1969-ல அந்த சேம்பரைச் செஞ்சவங்க குடும்பத்தோட கடைக்குப் போறவங்களை நெனச்சுச் செஞ்சாங்க, என்னை மாதிரி ஆளை நெனச்சு இல்ல.

திருப்பத்துல பிரஷர் முள்ளு ஆடறதை முந்தின சீசன்லயே பாத்தேன். என்ன செஞ்சேன்? அதிகமா தள்ளற பெரிய ஆயில் பம்ப்பு வாங்கி மாட்டினேன். அடுத்த சீசன்ல ஒரு நாள், 19 வயசுப் பையன் பக்கத்து சீட்ல. நீளமான இடது திருப்பம், முடியற இடத்துல பிரேக். "அப்பா, அந்த முள்ளு கீழ விழுந்துடுச்சு"ன்னான். "பழைய மீட்டர்டா, அப்படித்தான்"னேன். அதுக்கடுத்த ரவுண்டுல டொக் டொக்னு சத்தம். பிரிச்சுப் பாத்தா ரெண்டு பிக் எண்ட் பேரிங்ல மேல்பூச்சு தேஞ்சு செம்பு தெரியுது. கிராங்கும் கோடு விழுந்து கிரைண்டிங்குக்குப் போச்சு. சத்தம் மாறினா ஆஃப் பண்ணுன்னு 13 வயசுலயே ஒருத்தர் சொல்லியிருந்தாரே!

பெரிய பம்ப்பு விஷயத்தைச் சொன்னதும் அப்பா பழசை எடுத்து விட்டாரு. "பக்கத்துத் தோட்டத்துல 10 எச்.பி. போட்டாங்களே, என்னாச்சு? அரை மணி நேரத்துல கெணறு காலி. ஊறுற தண்ணிக்கு மேல எறைக்க முடியுமா?" அதேதான். ஆயில் கீழ வந்து சேர்ற வேகத்தை விட வேகமா உறிஞ்சினா சேம்பர் இன்னும் சீக்கிரம் காலி.

இந்தத் தடவை செஞ்சது இது:

1. உள்ள தடுப்புத் தகடு வெச்ச, பக்கவாட்டுல அகலமான சேம்பர். தகடுல சின்னக் கதவுகள் உண்டு. ஆயில் ஸ்ட்ரெய்னர் பக்கம் வரலாம், திரும்பிப் போக முடியாது. கொள்ளளவும் அதிகம்.

2. பெரிய பம்ப்பைக் கழட்டிட்டு சாதா பம்ப்பு. ஸ்ட்ரெய்னர் குழாய் பம்ப்புல இருந்து கழண்டு விழாம பத்தவெச்சாச்சு. சேம்பர் தரைக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குள்ள.

3. அக்யூசம்ப். ஒரு உருளை, நடுவுல பிஸ்டன், ஒரு பக்கம் காத்து அழுத்தம், மறுபக்கம் ஆயில். பிரஷர் விழுந்தா சேர்த்து வெச்ச ஆயிலை உள்ள தள்ளும். நம்ம மேல்நிலைத் தொட்டி மாதிரி.

4. பெரிய சிவப்பு லைட். பிரஷர் 20 பி.எஸ்.ஐ.க்குக் கீழ போனா எரியும். எரிஞ்சா காலை எடுத்துடணும், ரவுண்டு போனா போகட்டும்.

ரெண்டு மூணு தடவை சும்மா ஓட்டிப் பாக்கறவங்களுக்கு இவ்வளவு வேண்டாம். ஆயில் மட்டம் முழுசா இருக்கான்னு ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி பாருங்க. அரை குவார்ட் கூட ஊத்தலாம். அதுக்கு மேல ஊத்தினா கிராங்க் கடைஞ்சு நுரையாக்கிடும். ஃபில்டரை மாத்தும்போது வெட்டிப் பாருங்க. மினுமினுன்னு தூள் இருந்தா வண்டியை நிறுத்திடுங்க.

எல்லாம் முடிச்சு, இந்த சீசன் மொத ரவுண்டு நல்லபடியா ஓடினதும் அப்பாவைக் கூப்பிட்டேன். தடுப்புத் தகடைப் பத்திச் சொன்னேன். "நானும் அதத்தான செஞ்சேன். கெணத்தடியில குழி வெட்டி ஃபுட் வால்வ அதுக்குள்ள எறக்கினேன்"னாரு. நாப்பது வருஷமா கேக்காததை அன்னிக்குக் கேட்டேன்.

"அன்னிக்கு ராத்திரி என்னை ஏனுங்கப்பா திட்டல?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் சொன்னாரு. "பள்ளிக்கூடத்துப் பையன் ராத்திரி தூங்குவான்னு எனக்குத் தெரியாதா கண்ணு? நான் மொதல்லயே குழி வெட்டியிருக்கணும். உன்னைக் காவல் வெச்சது என் தப்பு."

சிவப்பு லைட்டும் நாலாவதாத்தான் வருது, கவனிச்சீங்களா? தூங்கறவன் தூங்கினாலும் வாய் முங்கியே இருக்கற மாதிரி செய்யறதுதான் மொத வேலை.

அடுத்த வாரம் பையன் ஓட்டறான். நான் பக்கத்து சீட்டு. அவன் எதையாவது பாத்துச் சொன்னா, இந்தத் தடவை கேட்டுக்குவேன்.