ஆற்றங்கரையும் மஷூராவும்

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் அமைந்த ஒரு சிறு நகரம். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலுக்கு அருகே கடலோடு கலக்கும் வரை, தமிழ் மண்ணை விட்டு எங்கும் செல்லாத ஆறு அது. எங்கள் பள்ளிவாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் படித்துறை வந்துவிடும். நான் நீந்தக் கற்றதும் என் பிள்ளைகள் நீந்தக் கற்றதும் அங்கேதான்.

சில மாதங்களுக்கு முன்பு ஜமாஅத்திற்கு ஒரு கடிதம் வந்தது. ஆற்றங்கரையை மேம்படுத்தத் திட்டம் ஒன்று தயாராகி வருவதாகவும், பொதுமக்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் நடைபெறும் என்றும் அதில் எழுதியிருந்தது. நான் அப்போது ஜமாஅத்தின் செயலாளராக இருந்தேன். முத்தவல்லி அக்கடிதத்தை என்னிடம் தந்து, "தம்பி, நீங்களே போய் வாருங்கள். நம் சார்பில் நல்லபடியாகப் பேசுங்கள்" என்றார்.

கூட்டம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அரங்கில் ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தோம். பெரும்பாலும் கடை உரிமையாளர்கள், ஓய்வு பெற்ற அலுவலர்கள், சங்கங்களின் நிர்வாகிகள். பெண்கள் நால்வர். திரையில் வண்ணப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கரையோரம் உயரமான தடுப்புச் சுவர், அதன்மேல் நடைபாதை, புல்வெளி, வரிசையாக விளக்குகள், உணவுக் கடைகள், வழவழப்பான கருங்கல் படிகள். படத்தில் இருந்த மக்கள் அனைவரும் நடந்துகொண்டோ அமர்ந்துகொண்டோ இருந்தனர். ஒருவர்கூட நீரில் இறங்கவில்லை. அன்று அது என் கண்ணில் படவில்லை.

கருத்து கேட்டபோது நான் எழுந்தேன். விளக்குகள் மிகவும் தேவை என்றேன். கழிப்பறை வேண்டும் என்றேன். திட்டத்தை எங்கள் ஜமாஅத் மனமுவந்து வரவேற்கிறது என்றும் சொன்னேன். அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டேன். எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். லுஹர் தொழுகைக்குப் பள்ளி திரும்பியபோது, ஒரு பொறுப்பை நிறைவேற்றிய மனநிறைவு எனக்கு இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். என் உம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பத்தமடையில் பிறந்து, பாய் நெய்யும் கையோடு இந்த ஊருக்கு மணமாகி வந்தவர். மூட்டுவலியால் தறியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் எங்கள் மஹல்லாவில் இன்றும் சில வீடுகளில் பாய்த்தறி உண்டு.

நான் சொல்லி முடிக்கும் வரை உம்மா குறுக்கிடவில்லை. பிறகு, "கோரையை எங்கே ஊறப்போடுவார்கள், வாப்பா?" என்று கேட்டார்கள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. "சுவர் எழுப்பினால் வெள்ளம் வரும்போது தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கும் பதில் இல்லை. மூன்றாவது கேள்விதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. "ஜமாஅத் சார்பில் சொன்னேன் என்கிறாயே, யாரைக் கேட்டுச் சொன்னாய்?"

பத்தமடைப் பாயைப் பற்றி அறியாதோருக்கு ஒரு சொல். ஆற்றோரங்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, கட்டுக்கட்டாக ஓடும் நீரில் பல நாள்கள் ஊறவைப்பார்கள். தேங்கிய நீர் அதற்கு உதவாது. ஊறிய கோரையை மெல்லிய இழைகளாகக் கிழித்த பின்னரே பட்டுப் போன்ற பாய் உருவாகும். 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பெருமையோடு பேசியவர்களுள் நானும் ஒருவன். அந்தப் பாயின் முதல் வேலை நடக்கும் இடத்தை நான் ஒரு கையொப்பத்தில் மறந்துவிட்டேன்.

அதைவிட வெட்கம் தந்த செய்தி வேறொன்று. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான், இஷாவுக்குப் பின் நடந்த ஒரு நிகழ்ச்சியில் மஷூராவின் சிறப்பைப் பற்றி நானே பேசியிருந்தேன். பத்ருக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் படையை ஓரிடத்தில் தங்கச் செய்தபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் முன்வந்து, இவ்விடம் இறைக்கட்டளையால் தேர்ந்ததா அல்லது போர் உத்தியா என்று வினவிய வரலாற்றை விவரித்தேன். உத்திதான் என்றறிந்ததும், எதிரிக்கு அருகிலுள்ள கிணறு வரை முன்னேறி, மற்றக் கிணறுகளைத் தூர்த்துவிடலாம் என்று அவர் ஆலோசனை கூறினார். நபியவர்கள் அதை ஏற்று இடத்தையே மாற்றினார்கள். அந்நிலத்தின் கிணறுகளை அறிந்த ஒருவர் சொன்னார், தலைமை செவிமடுத்தது.

உஹதுப் போரைப் பற்றியும் அன்று பேசினேன். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வது நபியவர்களின் விருப்பமாக இருந்தது. வெளியே செல்ல வேண்டுமென்று பலர் வற்புறுத்தவே, அக்கருத்தை ஏற்றார்கள். போரில் பேரிழப்பு நேர்ந்தது. அதன் பிறகு இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் வசனம், அவர்களை மன்னிக்கவும் அவர்களோடு கலந்தாலோசிக்கவுமே நபியவர்களைப் பணிக்கிறது. ஆலோசனை ஒருமுறை பிழைத்தது போலத் தோன்றினாலும், கேட்பதை நிறுத்திவிட அனுமதி இல்லை. இவ்வளவும் பேசிய நான், ஆற்றைப் பற்றி ஒருவரிடமும் கேட்காமல் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் சார்பில் கையொப்பமிட்டிருந்தேன். அலுவலகத்தார் வரைந்து முடித்த பிறகாவது எங்களைக் கேட்டார்கள். நான் அதையும் செய்யவில்லை.

மறுநாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். அவ்வாறே இரண்டு வாரம் போனேன்.

விடியுமுன்னே சலவைத் தொழிலாளர்கள் கல்லில் துணி அடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சூரியன் எழும்போது எம் இந்துச் சகோதரர்கள் நீராடி, முன்னோருக்குரிய சடங்குகளைச் செய்வார்கள். வெயில் ஏறியதும் எருமைகள் வரும். பிறகு எங்கள் தெருப் பெண்கள் மூவர் கோரைக் கட்டுகளைப் புரட்டிப் பார்த்து, மேலே கல் ஏற்றி வைத்துவிட்டுப் போவார்கள். மாலையில் சிறுவர்கள். பதினொரு மணி அரங்கில் இவர்களுள் ஒருவரும் இல்லை. அந்நேரம் அவர்களுக்கு வேலை நேரம்.

வாய்க்காலில் நீர் திறந்துவிடும் பெரியவர் ஒருவர் என்னைக் கரையோரமாக அழைத்துச் சென்றார். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையின்போது வெள்ளம் ஏறி நின்ற கோட்டை ஒரு சுவரில் காட்டினார். 1992இல் வந்த வெள்ளம் எதுவரை ஏறியது என்பதும் அவர் நினைவில் இருந்தது. படத்தில் உணவுக் கடைகள் வரையப்பட்டிருந்த இடம் அந்தக் கோட்டுக்கு வெகுவாகக் கீழே இருந்தது. "அண்ணாச்சி, ஆறு தன் இடத்தை மறக்காது" என்று மட்டும் சொன்னார்.

இத்தகைய திட்டங்கள் பிற ஊர்களில் எவ்வாறு நிறைவேறின என்பதையும் அந்நாள்களில் தேடிப் படித்தேன். அகமதாபாத்தில் சபர்மதி ஆற்றங்கரைத் திட்டத்திற்கென 1997இல் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று இரு கரையிலும் நெடுந்தொலைவுக்குச் சுவரும் நடைபாதையும் உள்ளன; நர்மதைக் கால்வாயின் நீர் அங்கே நிறைந்து நிற்கிறது. காண அழகான இடம்தான். ஆனால் அக்கரையில் குடிசை கட்டி வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. அவர்களுள் முஸ்லிம்களும் தலித் மக்களும் மிகுதி. தமக்கு என்ன நேரப்போகிறது என்று தெரிந்துகொள்வதற்கே அவர்கள் 2005இல் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. பலருக்கு நகரின் விளிம்பில் வீடு கிடைத்தது. பிழைப்பு நகரின் நடுவே இருந்தது.

அதே கரையில் இன்னொரு நிகழ்வும் உண்டு. சுல்தான் அஹ்மத் ஷாவின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் குஜரி பஜார் என்னும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை அங்கே கூடிவந்தது. அதன் வணிகர்கள் சங்கமாகத் திரண்டு நீதிமன்றம் சென்றனர். கல்வி நிறுவனத்தாரின் துணையோடு தங்கள் சந்தைக்கான மாற்று வரைபடத்தையும் உருவாக்கினர். இறுதியில் ஆற்றங்கரையிலேயே சந்தைக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. எனினும், தாம் எவ்வாறு அந்த இடத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதை அவர்கள் தாமே வரைந்து காட்டியது எனக்குப் பெரும் பாடமாக இருந்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வார்டுக் குழுக்களைப் பற்றிப் பேசுகிறது. தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களுக்கான பகுதி சபைக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளில் தொடங்கின. கிராமசபை போல, தெருவில் வாழ்பவர் தம் குறையைச் சொல்லும் இடம் அது. எங்கள் பகுதியில் அக்கூட்டம் நடந்தபோது நான் ஒருமுறைகூடப் போனதில்லை. நம்மை யாரும் கேட்பதில்லை என்று மட்டும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

முத்தவல்லியிடம் நடந்ததைச் சொல்லி, நான் கொடுத்த கருத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்றேன். அவர் தயங்கினார். "ஒருமுறை சரி என்று சொல்லிவிட்டு இப்போது மாற்றினால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், தம்பி?" நியாயமான தயக்கம். முந்திய கருத்து என் தனிக்கருத்தே என்று என் பெயரிலேயே எழுதிவிடுகிறேன் என்றதும் இசைந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பின் மதரஸா கூடத்தில் பெண்களை அழைத்தோம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். பலர் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசினர். தரையில் ஒரு பெரிய தாளை விரித்து, ஆற்றையும் தெருக்களையும் வரைந்து, ஒவ்வொருவரும் தாம் பயன்படுத்தும் இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைக்கச் சொன்னோம். கருங்கல் படிகள் வழுக்கும் என்றார் ஒரு மாமி. உடை மாற்ற மறைவிடம் வேண்டும் என்றனர் இளம்பெண்கள். விளக்கு வந்தால் மாலையில் தாங்களும் நடக்கலாம், ஆகவே நடைபாதையை எதிர்க்க வேண்டாம் என்று கல்லூரி மாணவியர் சொன்னபோது, எதிர்ப்புக் கடிதம் எழுதத் துடித்துக்கொண்டிருந்த நானும் அடங்கினேன்.

பின்னர் படித்துறையிலேயே மற்றவர்களோடு அமர்ந்தோம். அங்கே எல்லாம் இணக்கமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சோப்பு நீர் கோரையைக் கெடுக்கிறது என்று எங்கள் பெண்கள் சொல்ல, தலைமுறை தலைமுறையாக இருக்கும் கல்லை எங்கே நகர்த்துவது என்று சலவைத் தொழிலாளர்கள் கேட்டனர். குரல்கள் உயர்ந்தன. மூன்றாம் முறை கூடியபோதுதான் முடிவு கிடைத்தது: புதுப்படி கட்டும்போது சலவைக் கற்களைக் கீழ்ப்புறம் அமைத்துத் தண்ணீர் வசதியும் செய்து தர வேண்டும், கோரைக்கும் குளியலுக்கும் மேற்புறம். நீரிலும் புல்லிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்ற நபிமொழியின் பொருளை நான் புரிந்துகொண்டது அந்த மூன்று மாலைகளில்தான். பங்காளிகள் என்றால் பேசித் தீர்க்க வேண்டியவர்கள்.

வரைபடத்தையும் கடிதத்தையும் கோயில் நிர்வாகிகள், தொழிலாளர்கள், ஜமாஅத் என எல்லோரும் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். ஒரு காலை, ஆறரை மணிக்குப் பொறியாளர் ஒருவர் ஆற்றுக்கே வந்தார். இரண்டு மணி நேரம் எல்லோரிடமும் கேட்டார். கோரைத் துறைக்கு இடம் விடவும் படிகளின் உயரத்தைக் குறைத்துச் சொரசொரப்பான கல் பதிக்கவும் ஒப்புக்கொண்டார். உணவுக் கடைகளை மேட்டுக்கு மாற்றுவது பரிசீலனையில் இருக்கிறது. சுவரைக் கைவிட முடியாது என்றார். அதைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. எருமைகளுக்கு இடமில்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மாடு வளர்ப்போருக்கு அதில் மனவருத்தம் உண்டு.

செய்தியை உம்மாவிடம் சொன்னேன். "கேட்டார்கள் அல்லவா, அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். பிறகு, "பள்ளியில் ஒளூச் செய்யும் இடத்தை மாற்றிக் கட்டப்போகிறீர்களாமே, வயதானவர்களைக் கேட்டீர்களா?" என்றார்கள்.

கேட்கவில்லை. அந்த வரைபடம் தயாராகி என் மேசை இழுப்பறையில் இருந்தது. அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு அதைப் பள்ளி முற்றத்தில் விரித்து வைத்தோம். குனிய முடியாத பெரியவர்கள் ஆறு பேர், குழாயின் உயரத்தை விரலால் தொட்டுக் காட்டித் திருத்தினார்கள். உட்கார்ந்து ஒளூச் செய்யும் திண்ணையை ஒரு சாண் உயர்த்துமாறு கேட்டுக்கொண்டார்கள். இன்ஷா அல்லாஹ், வரும் மாதம் வேலை தொடங்குகிறது.