ஆறு மீட்டர் ஈட்டி

கல்வராயன் மலையில், வெள்ளிமலைச் சரிவில், ஒருவன் 6 மீட்டர் ஈட்டியோடு ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். நாலடிக்கொரு மரத்தில் இடிக்கும்!

அலெக்சாண்டரின் காலாட்படை ஏந்திய சரிஸ்ஸா ஏறக்குறைய அவ்வளவு நீளம். இரண்டு கையும் அதற்கே போய்விடும். கேடயத்தை வாரில் கட்டித் தோளில் தொங்கவிட்டார்கள். முதல் ஐந்து வரிசைகளின் முனைகளும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, எதிரி கிட்டே வரவே முடியாது. கி.மு. 326இல் ஜீலம் கரையில் போரஸின் யானைகளை எதிர்த்து நின்றது இந்தக் காலாட்படைதான்.

ஆனால் சமதளம் வேண்டும். கி.மு. 168இல் பிட்னாவில் மேடுபள்ளத்தில் வரிசை பிளந்தது. அந்த இடைவெளியில் ரோமர்கள் குறுவாளோடு நுழைந்தார்கள். ஈட்டியைத் திருப்ப இடமேது?

கல்வராயனுக்கு வடக்கே, செங்கம் பகுதி நடுகற்களில் ஆநிரைப் பூசலில் மாண்ட வீரர்கள் பலர் இன்றும் நிற்கிறார்கள். கையில் இருப்பது வில்லும் குறுவாளும்.