ஒரு கேபிள், ரெண்டு கடை, நாலு தையல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது மெக்கானிக்கல், மூன்றாம் வருடம். இதைப் படித்து முடித்ததும் வகுப்பு மக்கள் யாரும் அந்த விஷயத்தை எனக்கு நினைவுபடுத்த வேண்டாம் :-)

போன வருடம் படிப்பு முடித்துப் போன சீனியர் ஒருவரிடம் ஒரு அலுமினிய சைக்கிள் வாங்கினேன். பழசுதான், ஆனால் ஒரு கையால் தூக்கிவிடலாம். ஒரே ஒரு குறை. மேல்பாருக்கு அடியில், ஹேண்டில் பக்கமாக, பின் பிரேக் கேபிளின் அவுட்டர் வந்து முட்டி நிற்க ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்குமே, அது பெயர்ந்து போயிருந்தது. கட்டைவிரல் நகம் அளவு சமாச்சாரம். இதுக்கெல்லாம் கடைக்குப் போவார்களா என்று அவுட்டரின் நுனியைப் பாரோடு சேர்த்து இரண்டு கேபிள் டை போட்டு இறுக்கினேன். பிரேக் பிடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை சரியாகப் பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் என் தங்கச்சி டியூஷனுக்கு அந்த சைக்கிளை எடுத்துப் போனாள். வீட்டுக்கு வரும் இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்திருக்கிறாள். லிவர் ஹேண்டில் வரை வந்து ஒட்டிக்கொண்டதாம். பயத்தில் முன் பிரேக்கை முழுசாகப் பிடித்துவிட்டாள். ஜல்லி ரோடு. தாடையில் நாலு தையல்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் அம்மா கேட்டது ஒன்றுதான். "நீ என்னத்தடா படிக்கிற?"

அன்று ராத்திரி சைக்கிளைப் பார்த்தேன். இரண்டு டையும் அறுபடவில்லை. பாரில் பின்பக்கமாக இரண்டு விரற்கடை வழுக்கிப் போயிருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள். பிரேக் கேபிள் என்றால் உள்ளே இருக்கும் கம்பிதான் வேலை செய்கிறது என்று நினைப்போம். பாதி வேலை வெளியே இருக்கும் அவுட்டருடையது. இன்னர் எவ்வளவு விசையோடு இழுபடுகிறதோ, அதே விசையோடு அவுட்டர் எதிர்ப்பக்கம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதி, ஒன்பதாம் வகுப்பு. போடன் கேபிள் என்று பெயர், 1896-லேயே காப்புரிமை வாங்கிய சங்கதி. கையால் பிடிக்கும் விசையை லிவர் இரண்டு மூன்று மடங்காக்கிக் கேபிளுக்குக் கொடுக்கும். அத்தனையும் அந்த நகம் அளவு துண்டின் மேல் போய் மோதும். வழவழ பெயின்ட் மேல் கட்டிய பிளாஸ்டிக் டை அதைத் தாங்கும் என்று நம்பியவன் நான்.

மறுநாள் வெல்டிங் கடை. அண்ணன் பிரேமைச் சுண்டிப் பார்த்தார். "அலுமினியமுங்களா தம்பி? ஆர்கான்ல வெச்சுத் தர்றேன், ஆனா பாருக்கு நான் பொறுப்பில்லீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம் என்று பிறகு புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அது கூடப் பரவாயில்லை, ஆர்கான் வெல்டிங் அதைச் சமாளிக்கும். பெரிய சிக்கல் வேறு. சைக்கிள்களில் அதிகம் வரும் 6061 போன்ற கலவைகளுக்குப் பலமே சூடு பண்ணி, குளிர வைத்து, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைப்பதால் வருவது. நடுவில் ஒரு இடத்தில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பலம் பாதிக்கும் கீழே போய்விடும். திரும்பக் கொண்டுவர மொத்த பிரேமையும் அடுப்பில் வைக்க வேண்டும். நம் ஊரில் யார் வைப்பார்கள்?

சரி, ரிவிட் அடித்துவிடலாம் என்று அடுத்த யோசனை. பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் கடன் வாங்கி, பாரில் பேனாவால் புள்ளியும் வைத்துவிட்டேன். அப்போதுதான் செமஸ்டரில் கிறுக்கிய ஒரு படம் ஞாபகம் வந்தது. இழுபடும் அகலமான தகட்டில் சின்னதாக ஒரு வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு. கிர்ஷ் என்ற ஜெர்மானியர் 1898-ல் போட்ட கணக்கு. பத்து மார்க் கேள்வி, எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்! இரும்பாவது ஓர் அளவுக்குக் கீழே எத்தனை முறை ஆட்டினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே இல்லை, சின்னச் சின்ன ஆட்டமும் சேர்ந்துகொண்டே போகும். தொழிற்சாலையிலேயே ரிவிட் அடித்து வரும் அலுமினிய பிரேம்கள் உண்டுதான். எங்கே ஓட்டை போடலாம், அங்கே தடிமன் எவ்வளவு என்று பார்த்து அடிக்கிறார்கள். நான் பேனாவால் கண்ணை மூடிப் புள்ளி வைத்தேன். இந்த முறை உடைந்தால் தாடையோடு போகாது. டிரில்லைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் பஸ் ஸ்டாப் பக்கத்து சைக்கிள் கடைத் தாத்தா. நான் விளக்கி முடிக்கும் வரை பஞ்சர் ஒட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏங்கண்ணு, அது எதுக்கு நடுவுல நிக்கோணும்? லிவர்ல இருந்து பிரேக் வரைக்கும் ஒரே அவுட்டரா போட்டுட்டா?"

அவ்வளவுதான்! முழு நீளத்துக்கும் ஒரே அவுட்டர் என்றால் ஒரு முனை லிவரில் முட்டும், மறு முனை பிரேக்கில் முட்டும். தள்ளும் விசை முழுக்க அவுட்டருக்குள்ளேயே முடிந்துவிடும். பாருக்குச் சுமையே இல்லை. அவுட்டர் தொங்காமல் பிடித்துக்கொள்ள ஒரு கைடு இருந்தால் போதும். நான் உடைந்து போன ஸ்டாப்பை ஒட்டவைக்க அலைந்தேன், அவர் ஸ்டாப்பே வேண்டாம் என்கிறார்.

வேலை ஒரு சாயங்காலம். அவுட்டரைச் சாதாரண பிளையரால் வெட்டக்கூடாது, வாய் நசுங்கிவிடும். தாத்தா கூர்மையான கட்டரால் வெட்டி, நுனியை அரத்தால் சமமாக்கி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாயை ஊசியால் விரித்துவிட்டார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்துத்தான் நீளம் எடுத்தோம். பாரில் மூன்று இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துடைத்த கையோடு அரால்டைட் வைத்து பிளாஸ்டிக் கைடு ஒட்டினேன். ராத்திரி முழுக்கத் தொடவில்லை. நம்பிக்கை இல்லாமல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கேபிள் டை, அதற்கு அடியில் பழைய டியூப் துண்டு. (அதே டைதான். இப்போது அதற்குத் தகுந்த வேலை.) இன்னர் மூடிய வழியில் நீளமாகப் போவதால் உராய்வு கூடும். அதனால் நாலு சொட்டு எண்ணெய்.

பிரேக் முன்னைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது, அவுட்டர் நீளமானதால். ஆனால் பிடிக்கிறது. இறக்கத்தில் நானே ஏழெட்டு முறை இறங்கிப் பார்த்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தையல் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று சாயங்காலம் தங்கச்சி சைக்கிள் சாவி கேட்டாள். கொடுத்தேன். ஏறுவதற்கு முன் நின்ற இடத்திலேயே பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளிப் பார்த்தாள், இரண்டு முறை. அப்புறம்தான் ஏறினாள்.