அரங்கம் காண ஒரு பயணம்

பள்ளி விடுமுறை வந்தால் உறவினர் வீடு, கோயில் என்று போவது நம் வழக்கம். சென்ற விடுமுறையில் நாங்கள் கட்டுச்சோற்றுடன் கோலாலம்பூருக்குக் காரில் புறப்பட்டது, விளையாட்டு அரங்கங்களைப் பார்ப்பதற்காக.

முதலில் மெர்டேக்கா அரங்கம். 1957 ஆகஸ்ட் 31இல் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கிய இடம். பக்கத்தில் 118 மாடிக் கோபுரம் வானை முட்டுகிறது. என் பிள்ளைகளோ அரங்கத்தையே பார்த்தார்கள். வழிநெடுக நான் சொல்லி வந்த கதை அப்படி.

1980 ஏப்ரலில் இங்கேதான் மலேசியக் காற்பந்துக் குழு தென் கொரியாவை 2-1 என்று வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. கோல் காத்தவர் நம் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைத் தாவிப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று மக்கள் கொண்டாடினர்.

"மாஸ்கோவில் ஜெயித்தார்களா அப்பா?" என்றான் சின்னவன்.

"போகவே இல்லை ஐயா. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து நம் நாடு விலகிக்கொண்டது."

"அப்படியானால் பட்ட பாடு வீண்தானே?"

"வீண் என்றால் இத்தனை வருடம் கழித்து அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இங்கே வந்திருப்போமா?" என்றேன்.

அடுத்து, 1998 காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்த புக்கிட் ஜாலில். அதன் பிரம்மாண்டத்தைக் கண்ட மூத்தவள், "இங்கேயெல்லாம் நம்மை விளையாட விடுவார்களா?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் கேள்வி என்னைத் தைத்தது. ஆறுமுகத்தை மறுபடி நினைவூட்டினேன். அவள் முகம் மலர்ந்தது.

பெற்றோர்களே, தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளையை ஒருமுறையாவது அங்கே அழைத்துப் போங்கள். பெரிய அரங்கமும் தனக்கு உரியதே என்று அது கண்ணால் கண்டு தெரிந்துகொள்ளட்டும்!