கீழ்பென்னாத்தூர்ப் பிள்ளைகளுக்கு எந்தக் கடல்?

மண்டபம்

அன்புள்ள நண்பா,

கரீபியன் தீவுகளின் படங்களை அனுப்பி, இந்த மாதிரி ஒரு கரையில் இரண்டு பிள்ளைகளோடும் சில நாள் சும்மா கிடக்க வேண்டும், நம் பக்கத்தில் அப்படி எது இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அந்தப் படங்களில் கண்ணைப் பறிப்பது நீலத் தண்ணீரும் தென்னையும். குழந்தை வைத்திருப்பவர்கள் அங்கே போவதற்கான காரணம் படத்தில் விழாத ஒன்று: காற்று. அந்தத் தீவுகளின்மேல் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தே காற்று அடிக்கிறது. பார்படோஸ் தீவின் கிழக்குக் கரையில், பத்ஷீபா என்ற ஊரில், அட்லாண்டிக் அலை பாறைகளில் மோதிச் சிதறும். அலைச்சறுக்கு ஆடுபவர்கள் தேடிப்போகும் இடம் அது. அங்கிருந்து மேற்குக் கரைக்கு அதிகம் போனால் 23 கிலோமீட்டர். அங்கே கடல் பெரும்பாலும் ஏரியைப் போலக் கிடக்கும். ஒரே தீவு, ஒரே பெயர், இரண்டு கடல். விவரம் தெரிந்த பெற்றோர் முதலில் பார்ப்பது தீவின் எந்தப் பக்கம் காற்றுக்கு மறைவாக இருக்கிறது என்பதைத்தான். அந்தக் கணக்கை நம் கரைக்கும் போட்டுப் பார்த்தால் உன் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அது ராமநாதபுரம் மாவட்டத்தின் வடக்குக் கரை. ஏன் என்று சொல்கிறேன்.

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்குக் கடல் என்றாலே புதுச்சேரிதான். செஞ்சி, திண்டிவனம் வழியாக நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. விடியலில் வண்டி எடுத்தால் டிபன் அங்கே. ஆனால் சென்னையிலிருந்து புதுச்சேரி தாண்டியும் நீளும் இந்தக் கரை முழுக்க வங்காள விரிகுடாவுக்கு நேராக முகம் காட்டி நிற்கிறது. குறுக்கே ஒரு தீவு கிடையாது, பவளத்திட்டு கிடையாது. பல இடங்களில் கரை சட்டென்று சரிகிறது: முழங்கால் தண்ணீரிலிருந்து சில எட்டு வைத்தால் இடுப்பளவு. கரையேறிய அலைநீர் திரும்பும்போது மணல்திட்டுகளுக்கு இடையே ஒரு வாய்க்கால் பிடித்துக்கொண்டு வேகமாக உள்ளே இழுக்கும். அந்த வாய்க்காலின்மேல் அலை அதிகம் உடையாது. அதனால் பார்ப்பவர் கண்ணுக்கு அதுதான் அமைதியான இடமாகத் தெரியும், வெளியூர்க்காரர்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சரியாக அங்கேயே இறங்குவார்கள். மெரினாவில் போலீஸார் விசில் ஊதி ஆட்களைக் கரையேற்றுவது வீண் கெடுபிடி இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏரி தெரியும், பம்புசெட் தொட்டி தெரியும். இரண்டும் நிற்கிற தண்ணீர். கிணற்றில் குதித்து நீச்சல் கற்ற அப்பாக்களுக்கும் இழுக்கிற தண்ணீர் பழக்கமில்லை. பழக்கம் இல்லை என்பதைவிட, தெரியும் என்ற அவர்களுடைய நினைப்புதான் கூடுதல் ஆபத்து.

புதுச்சேரிப் பக்கம் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரை இருக்கிறதே என்பாய். உண்மைதான். புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சென்னைக்குத் தெற்கே கோவளமும் 2021-ல் அந்தச் சான்றைப் பெற்றன. சுத்தமான மணல், கழிப்பறை, குளிக்கும் நீரின் தரச் சோதனை, உயிர்காப்பாளர் எல்லாம் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகள். சிறு பிள்ளையோடு போகும் ஒரு தாய்க்குக் கழிப்பறை எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் சுற்றுலாத் துறைகளுக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை, அதனால் அந்தக் கொடியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரு பகல் போய் மணல்வீடு கட்டித் திரும்ப ஈடன் போதும். ஆனால் கொடி கரைக்குத் தரப்பட்டது. அலை பழைய அலைதான். நீ கேட்டதோ சில நாள் ஓய்வு. அலையடிக்கும் கரையில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பெற்றவர்களில் ஒருவராவது முழு நேரக் காவலாளியாக நிற்க வேண்டும். அதற்கு ஓய்வு என்று பெயர் வைக்க முடியாது.

இப்போது நான் இருக்கும் இந்த மண்டபம் பக்கம் வா. பாம்பன் தீவும், அதன் முனையிலிருந்து இலங்கையை நோக்கி நீளும் ராமர் பாலத்து மணல்திட்டுகளும் சேர்ந்து கடலை இரண்டாகப் பிரிக்கின்றன. தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. இங்கே மீனவர்கள் தெற்குக் கடல், வடக்குக் கடல் என்று பிரித்தே பேசுவார்கள். தனுஷ்கோடிப் பக்கம் ஆண்கடல், பெண்கடல் என்றும் சொல்வதுண்டு. பாக் விரிகுடாவின் பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டருக்குள். மேற்கிலும் தெற்கிலும் நம் நிலம், கிழக்கே இலங்கை. திறந்த கடலின் நெடிய அலை உள்ளே நுழைய வழி குறைவு. உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கடற்கரை இந்த வடக்குக் கடலைப் பார்த்துக் கிடக்கிறது. காற்று அடங்கிய நாளில் அங்கே தண்ணீர் கால்விரலை நனைத்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். நான்கு வயதுப் பிள்ளை உட்கார்ந்து விளையாடலாம். தங்கும் விடுதிகள் ராமேஸ்வரத்தில் நிறைய. கடலோரத்தில் அரசின் தமிழ்நாடு ஹோட்டலும் உண்டு. இந்த வட்டாரத்தில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் இடம் தனுஷ்கோடி அரிச்சல்முனை. 2017-ல் சாலை போட்டபிறகு அங்கே கூட்டம் அதிகம். இரு கடலும் சந்திக்கும் அந்த முனையில் நீரோட்டம் கடுமை. காரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், கால் நனைக்க வேண்டாம்.

இடம் சரியாக இருந்தும் மாதம் தவறினால் எல்லாம் வீண். வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரிலிருந்து ஜனவரி வரை, வாடைக்காற்று இந்த வடக்குக் கடலுக்கு நேராக அடிக்கும். தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிவிடும். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது. நம் பக்கத்திலேயே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, மறுநாள் திருவண்ணாமலையில் மலை மண்சரிந்து ஏழு உயிர் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். கரீபியனிலும் ஜூன் தொடங்கி நவம்பர் வரை புயல் காலம். அந்த மாதங்களில் அறை வாடகை மலிவாக இருப்பதன் ரகசியம் அதுதான். ஆகவே அரையாண்டு விடுமுறை இந்தக் கரைக்குச் சரிப்படாது. மே மாதத்தில் கடல் சாது, வெயில் பொல்லாது. பிப்ரவரி பிற்பாதியும் மார்ச்சும் நல்லது. பள்ளி நடக்கிற காலமாயிற்றே என்று தயங்காதே. உன் வீட்டில் இன்னும் ஒன்றாம் வகுப்பு தொடங்கவில்லை. பள்ளி நாள்காட்டிக்குக் கட்டுப்படாத இந்த இரண்டு மூன்று ஆண்டுகள் பெற்றோருக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. நம்மில் பலர் அதைக் கவனிக்காமலே கழித்துவிடுகிறோம். சிவராத்திரி, அமாவாசை நாட்களை மட்டும் பார்த்து ஒதுக்கிவிடு, ஊர் கொள்ளாது.

தூரம் அதிகம், நானூறு கிலோமீட்டருக்கு மேல் என்பது உன் அடுத்த ஆட்சேபமாக இருக்கும். காரில் வந்தால் அது நியாயமான ஆட்சேபம். ஆனால் திருப்பதியிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயில் திருவண்ணாமலையில் நின்று போகிறது. 2022 டிசம்பரில் நின்றுபோன பாம்பன் ரயில் போக்குவரத்தும் 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தபின் மீண்டுவிட்டது. கப்பலுக்கு வழிவிட நடுத்தட்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும் பாலம். உன் பெரியவனுக்கு ராமேஸ்வரத்தில் வேறு எதையும் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. கரீபியனையே எடுத்துக்கொண்டால், பணம் இருந்தாலும் சின்னப் பிள்ளைக்கு அது பொருந்தாது. இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இறங்கி மாற வேண்டும். பார்படோஸுக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். பிள்ளையின் தூக்கம் அந்த ஊர்ப் பொழுதுக்குப் பழகி வருவதற்குள் திரும்பும் நாள் வந்துவிடும். அமெரிக்கக் குடும்பத்துக்கு அது பக்கத்துக் கடல். அவர்களுக்கு ராமேஸ்வரம் அது. (நம்மவர்கள் அந்தக் கடலைப் பார்த்ததே வேறு விதம். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக மார்த்தினிக்குக்கு 1853-லும் குவாதலூப்புக்கு 1854-லும் கப்பலேறத் தொடங்கினார்கள். பலருக்குத் திரும்பும் பயணம் வாய்க்கவில்லை.) அந்தமானின் நீல் தீவு அழகுதான், நீரும் அமைதி. ஆனால் விமானம், பிறகு கப்பல், அதில் வாந்தி எடுக்கும் பிள்ளை. பாஸ்போர்ட் இருந்தால் இலங்கையில் மட்டக்களப்புக்கு வடக்கே பாசிக்குடா இருக்கிறது; வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத கடல், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தபின் பார்க்கலாம்.

வீட்டுப் பெரியவர்கள் வேறொரு கேள்வி எழுப்புவார்கள்: ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடாமல் மணலில் உட்கார்ந்துவிட்டு வருவதா? இருபத்திரண்டு தீர்த்தங்களில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு ஈரத்துணியோடு வரிசையில் நகர்வது பெரியவர்களுக்குப் புண்ணியம், கைக்குழந்தைக்குச் சளி. உன் அம்மாவும் அப்பாவும் விடியலில் போய் வரட்டும். பிள்ளைகள் கடலிலிருந்து திரும்புவதற்குள் வந்துவிடுவார்கள். இன்னொன்று, இவ்வளவு தூரம் வந்தோமே, மதுரையையும் கன்னியாகுமரியையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நம்மவர்களின் விடுமுறையைக் கெடுப்பது இந்த ஒரு வாக்கியம்தான். மூன்று நாளில் ஐந்து ஊர், வேனில் தூக்கம், ஊருக்கு ஊர் மூட்டை கட்டுதல், எல்லா மூட்டையும் உன் மனைவியின் தலையில். நான்கு இரவு, ஒரே அறை என்று முடிவு செய். காலை ஆறு முதல் எட்டரை வரை கடல், மாலை நாலரைக்குமேல் மறுபடி கடல். நடுப்பகலில் உணவும் தூக்கமும். பெரிய ரிசார்ட் இல்லையே, பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா என்று கவலைப்படாதே. ஒரு வாளி, ஒரு கொட்டாங்கச்சி, ஓயாமல் வந்துகொண்டிருக்கும் தண்ணீர் இருந்தால் சின்னப் பிள்ளைக்கு அலுப்பே வராது. அலுப்பு பெரியவர்களுக்குத்தான் வரும். கோயில் ஊர் என்பதால் இட்லியும் தயிர்சோறும் எங்கும் கிடைக்கும், அடுப்புக்கு லீவு.

அமைதியான கடலிலும் சில எச்சரிக்கை உண்டு. காற்றடைத்த மிதவை வளையம் வாங்காதே. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இந்தக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அலையில்லாத தண்ணீரில் வளையம் பிள்ளையோடு சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். ஆழமற்ற மணலில் திருக்கை படுத்திருக்கலாம், காலை எடுத்து வைக்காமல் தேய்த்துக்கொண்டே நட. கண்ணாடிபோல் மிதக்கும் சொறிமீனைத் தொட விடாதே. பவளத் துண்டை எடுத்துவர வேண்டாம், வனவிலங்குச் சட்டப்படி குற்றம். எவ்வளவு ஆழம் குறைந்தாலும் பிள்ளை கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்று திருவண்ணாமலை நிலையத்தில் கேட்டுக்கொள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் தேவையில்லை, ஆனால் தனிப் படுக்கையும் தரமாட்டார்கள். பெரியவனுக்குப் பணம் கட்டியே ஒரு கீழ்ப் படுக்கை வாங்கிவிடு.

அன்புடன்,
உன் நண்பன்