அடிக்காத நேரத்தில் பிளக்கும் கல்

ஊத்துக்குளிப் பக்கத்துப் பாறைக்குழி அது. மேலே கிரஷர் இரைகிறது. கீழே, நிழல் விழுந்த ஒரு மூலையில் மட்டும் இன்னமும் கையால் கல் பிளக்கிறார்கள். நீளமான பாளத்தின் முதுகில் ஒரே நேர்கோட்டில் துளைகள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு இரும்புத் தகடு, நடுவே ஓர் ஆப்பு. சம்மட்டிக்காரர் ஆப்புக்கு ஓர் அடி வீதம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறார், திரும்பி வருகிறார். ஆப்பு இறுக இறுக ஓசை மெலிந்து கூர்மையாகிறது. அந்த ஓசை பிடிபட்டதும் சம்மட்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்னும் இரண்டு அடி போட்டால் பிளந்துவிடாதா என்று கேட்டோம்.

"போட்டா கோணலா ஓடிருமுங்க. சித்த விடுங்க, அதுவே ஓடும்."

ஓடியது. யாரும் தொடாத பாளத்தில், துளைக்கும் துளைக்கும் நடுவே மயிரிழைபோல ஒரு கோடு கிளம்பிற்று. டீ குடித்து முடிப்பதற்குள் பக்கவாட்டிலும் இறங்கிவிட்டது.

கல் என்றால் தாங்கும், தாங்காவிட்டால் உடையும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட நேரம் இருக்கிறது. பொருளின் வலிமையை அதிலுள்ள நுண்விரிசல்களே தீர்மானிக்கின்றன என்று 1921இல் கண்ணாடியை வைத்து நிறுவினார் ஏ. ஏ. கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். விரிசலின் நுனியில்தான் அழுத்தமெல்லாம் குவிகிறது. கல்லை உடனே உடைக்கப் போதாத சுமைகூட, விடாமல் நின்றால், அந்த நுனியை மெல்ல முன்னே நகர்த்தும். ஈரம் இருந்தால் வேகம் கூடும். சிலிக்கானையும் ஆக்சிஜனையும் கோத்திருக்கும் பிணைப்பை நீர் மூலக்கூறு அறுத்துவிடுகிறது.

நீரின் பங்கை 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் அழகாகக் காட்டினார். கிரானைட் துண்டு ஒன்றை 89,400 முறை சூடாக்கி ஆற்றினார். தினம் ஒருமுறை வெயில் என்று கணக்கிட்டால் 244 ஆண்டு. கல்லில் மாற்றமே தெரியவில்லை. ஆற்றும்போது தண்ணீர் தெளித்துப் பார்த்தார். இரண்டரை ஆண்டுக்குச் சமமான சுற்றுகளிலேயே மேற்பரப்பு சிதைந்தது. உலர்ந்த மர ஆப்பை அடித்து அதன்மேல் தண்ணீர் ஊற்றிய பழைய கல்தச்சர்களுக்கு இந்தச் சோதனை வியப்பாக இருந்திருக்காது. மரம் ஊதி நெம்பும்; கசிந்த நீர் உள்ளே தன் வேலையைப் பார்க்கும்.

பாளத்தின் பக்கவாட்டில் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் நெளிகின்றன. இந்தப் பகுதி பாலக்காடு–காவிரி நெரிசல் மண்டலத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துண்டுகள் மோதி இணைந்த காலத்திலும் இங்குள்ள பாறைகள் ஆழத்தில் வெந்து, நசுங்கின. சூட்டில் உடையாமல் இழுபட்டதன் தடமே அந்த வரி. கல்லுடைப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்: வரியோடு போனால் ஆப்பு குறைவு, குறுக்கே போனால் துளைகளை நெருக்கிப் போடவேண்டும்.

குளிர்ந்த கல்லும் வளையுமா? ஜப்பானில் 1957 முதல் கிரானைட் உத்தரங்களின்மேல் சுமை ஏற்றிப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்தன.

பாறைக்குழியில் இவ்வளவு பொறுமைக்கு இடமில்லை. கூலி எண்ணிக்கைக் கணக்கு. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. கம்ப்ரஷர் துளைபோடும்போது பறக்கும் சிலிக்காத் தூசியோ நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் படிகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. அவர்களிடம் இருந்த தடுப்பு, மூக்கில் சுற்றிய துண்டு. துளையில் தண்ணீர் விட்டபடி போட்டால் தூசி அடங்கும், ஆனால் கோடையில் தண்ணீர் லாரிக்குக் காசு யார் கொடுப்பது என்கிறார்கள்.

நேர்கோட்டில் பிளந்தால் கல்லுக்காலாகவோ கிரைண்டர்க் கல்லாகவோ விலைபோகும். கோணினால் ஜல்லிதான். அதனால் பாளங்களை இரண்டிரண்டாக எடுக்கிறார்கள்: ஒன்றில் ஆப்பு இறுகி விரிசல் ஓடும் நேரத்தில், அடுத்ததில் துளை.